வெட்டப்பட்ட இரண்டு வரிகள்: ஊடக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கும், இசை அலைவரிசைகளின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும்,

பதின்பருவத்தினருக்கு வார இறுதிகளில் ராப் எழுதவும் மேடையில் பாடவும் கற்றுத்தரும் வேலையை 11 ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். உங்களுள் ஒருவருடைய தொலைக்காட்சியில் அண்மையில் ஒளிபரப்பான ஒரு விவாத நிகழ்ச்சியும், அதைக் குறித்து நான் அனுப்பிய புகாருக்கு வந்த ஒற்றை வரிப் பதிலும் இந்த மடலை எழுத வைத்திருக்கின்றன. அந்தத் தொலைக்காட்சியின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால், இது தங்களுக்கு எழுதப்பட்டதில்லை என்று மற்றவர்கள் விலகிவிடக்கூடும்; நான் சொல்லப்போகும் பழக்கமோ ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதாகத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். இளைஞர்களும் ஹிப்ஹாப்பும் (ராப், இசைத்தட்டு இயக்கம், பிரேக் ஆட்டம் எல்லாம் சேர்ந்த கலை) என்பது பற்றி நிகழ்ச்சி தயாரிப்பதாகச் சொல்லி ஒரு படப்பிடிப்புக் குழு மூன்று நாட்கள் எங்கள் பயிற்சிக் கூடத்துக்கு வந்தது. மாணவர்கள் எதுகை தேடி அகராதியைப் புரட்டுவதையும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துவதையும், பீட்டுக்குள், அதாவது தாளத்துக்குள், அசைகள் அடங்காதபோது சொல்லை மாற்றி மாற்றிப் பார்ப்பதையும் அவர்கள் படம் பிடித்தார்கள். மூன்றாம் நாள், 16 வயது மாணவன் ஒருவன் தான் எழுதிய 16 வரிப் பாடலை முழுமையாகப் பாடினான். கத்தியை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகும் ஒருவனே அந்தப் பாடலில் பேசுபவன். 'கையில கத்தி, கண்ணுல தீ. குறுக்க வந்தா குறி தப்பாது, ஓடிக்கோ நீ' என்று அவன் வீறாப்பாகத் தொடங்குகிறான். பாதியில் குரல் தளர்கிறது. 'கழுவிக் கழுவிப் பாத்தேன், கையில கறை போகல. கதவத் தட்டிப் பாத்தேன், அம்மா வந்து தெறக்கல' என்று முடிக்கிறான். அந்தக் கடைசி இரண்டு வரிகளுக்காக மாணவன் ஐந்து வாரங்கள் உழைத்தான். முதலில் எழுதிய முடிவில் கத்தி எடுத்தவன் வென்று திரும்புவதாக இருந்தது. படித்துப் பார்த்துவிட்டு, 'இது பொய்யா இருக்கு சார்' என்று தானே அடித்துப்போட்டான்.

ஒளிபரப்பில் வந்தவை முதல் இரண்டு வரிகள் மட்டும். அவற்றின்மீது போலீஸ் சைரன் ஒலி சேர்க்கப்பட்டிருந்தது. அடுத்த காட்சியாக, எங்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு தெருச்சண்டையின் கண்காணிப்பு கேமராப் பதிவு ஓடியது. திரையின் கீழே 'இளைஞர்களைச் சீரழிக்கிறதா ராப்?' என்ற கேள்வி நிகழ்ச்சி முடியும்வரை நின்றது. என்னிடம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக எடுத்த நேர்காணலிலிருந்து, 'வன்முறையான வரிகளும் இருக்கத்தான் செய்கின்றன' என்ற ஒரே ஒரு துணுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. அந்த வாக்கியத்துக்குப் பின் நான் சொன்ன 'ஆனால்' என்ற சொல்லுக்கு முன்பாகவே படத்தொகுப்பு நின்றுவிட்டது. மூச்சை இழுத்தபடி வாய் திறந்திருக்கும் நிலையில் என் முகம் மறைந்ததை வீட்டில் எல்லோரும் கவனித்தார்கள்.

அடுத்த வாரம் நான்கு குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தின. அந்த மாணவன் படிக்கும் பள்ளி, ஆண்டு விழா நிகழ்ச்சியிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டது. முழுப் பாடலையும் குறிப்பிட்ட நிமிடக் கணக்கோடு எழுதி, குறைந்தபட்சம் ஒரு விளக்கமாவது வெளியிடுங்கள் என்று நான் கேட்டதற்கு, ஒளிபரப்பாகும் உள்ளடக்கம் ஆசிரியர் குழுவின் முடிவுக்கு உட்பட்டது என்று பதில் வந்தது. அதாவது, வெட்டியது தவறுதலாக நேர்ந்ததில்லை. அது ஒரு முடிவு. அதனால்தான் அந்த முடிவை எடுப்பவர்களிடமே பேசுகிறேன்.

பாடலில் 'நான்' என்று பேசுபவரும் பாடலை எழுதியவரும் ஒருவரே என்று நீங்கள் முடிவுகட்டியதுதான் முதல் பிழை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, பரத்தை கூற்று என்று ஒவ்வொரு பாட்டின் கீழும் குறித்துவைத்துப் படித்த மொழி நம்முடையது. ஆண் புலவர் ஒருவர் பிரிவில் வாடும் பெண்ணாகப் பேசினால், வாடியது அவர்தான் என்று எந்த மாணவரும் விடைத்தாளில் எழுதுவதில்லை. திரையில் வில்லனாக நடிப்பவரைக் காவல் நிலையத்துக்கு யாரும் அழைப்பதில்லை. அதே வேறுபாட்டை 16 வயது ராப் மாணவனுக்கு மட்டும் மறுப்பதற்கு என்ன காரணம்? அவன் இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டான். 'எழுதினா நாந்தான் அவன்னு நெனச்சுப்பாங்க' என்கிறான். கூற்று என்ற கருத்தைப் பாடநூலில் படித்துத் தேர்வெழுதி மதிப்பெண் வாங்கியவன் அவன்.

இந்தப் பாகுபாடு என் மனக்குறையால் தோன்றிய கற்பனை என்று நீங்கள் கருதாமலிருக்க, ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். அமெரிக்க உளவியலாளர் கேரி ஃப்ரைட் 1996இல் வெளியிட்ட ஆய்வில், காவலர் ஒருவரைச் சுட்டுக் கொல்பவன் பேசுவதாக அமைந்த ஒரு பழைய நாட்டுப்புறப் பாணிப் பாடலின் வரிகளை எடுத்துக்கொண்டார். ஒரு குழுவிடம் இவை ராப் வரிகள் என்றும், இன்னொரு குழுவிடம் இவை கன்ட்ரி எனப்படும் அமெரிக்கக் கிராமிய இசை வரிகள் என்றும் சொல்லிக் கொடுத்தார். ஒரு சொல்கூட மாறவில்லை. ஆனால் ராப் என்று நினைத்துப் படித்தவர்களுக்கே அவை அதிக ஆபத்தானவையாகவும், கட்டுப்படுத்தப்பட வேண்டியவையாகவும் தோன்றின. 2016இல் வேறு ஆய்வாளர்கள் இதைத் திரும்பச் செய்தபோதும் விளைவின் திசை மாறவில்லை. வரியைக் கேட்பதற்கு முன்பே கேட்பவரின் காதில் ஏதோ ஒன்று ஏற்றிவைக்கப்பட்டிருக்கிறது. அதை ஏற்றிவைத்ததில் சைரன் ஒலிக்கும் பங்கு உண்டா இல்லையா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

நீதிமன்றங்கள்கூட இந்தப் பிழையிலிருந்து மெல்ல மீண்டுவருகின்றன. நியூ ஜெர்சியில் கொலை முயற்சி வழக்கொன்றில், குற்றம் சாட்டப்பட்டவர் எழுதிவைத்திருந்த ராப் வரிகள் 13 பக்க அளவுக்கு நடுவர் (ஜூரி) குழுவின்முன் வாசிக்கப்பட்டன; அவற்றில் பல, சம்பவத்துக்கு வெகு முன்பே எழுதப்பட்டவை. வரிகளில் உள்ள குறிப்பான விவரங்களுக்கும் குற்றத்துக்கும் வலுவான தொடர்பு இருந்தாலன்றி அவற்றைச் சான்றாக்கக் கூடாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. ஷெரீஃபை, அதாவது வட்டாரக் காவல் தலைவரை, சுட்டேன் என்று பாடிய ரெகே பாடகர் பாப் மார்லி உண்மையிலேயே ஒருவரைச் சுட்டிருப்பார் என்று யாரும் நினைப்பதில்லையே என்ற பொருளில் தீர்ப்பு ஓர் எடுத்துக்காட்டையும் தந்தது. 2022இல் கலிஃபோர்னியா, படைப்புகளைக் குற்றவழக்கில் சான்றாகக் கொண்டுவர விரும்பினால், நடுவர் குழு இல்லாதபோது நீதிபதி அதைத் தனியே ஆராய வேண்டும் என்று சட்டமே இயற்றியது. ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் உள்ள மன்றத்தில் இவ்வளவு தயக்கம் காட்டப்படும்போது, இரவு ஒன்பது மணி விவாதத்தில் 12 நிமிடங்களில் தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள்.

உங்கள் நிகழ்ச்சி இந்தக் கலையின் வரலாற்றுக்கு ஒதுக்கியது ஒரே வாக்கியம்: 'அமெரிக்க வன்முறைக் கும்பல்களின் நடுவே பிறந்த இசை.' பின்னணியில் சுவரோவியம் ஒன்றைக் காட்டினீர்கள். இந்த வாக்கியத்தில் எனக்குள்ள வருத்தம், இது பாதி உண்மையாக இருப்பதுதான். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1970களின் தொடக்கத்தில் கும்பல்கள் இருந்தன. நெடுஞ்சாலைக்காகக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, கட்டடங்கள் எரிந்து, வேலைகள் போன பகுதி அது. ஆனால் 1971 டிசம்பரில், சமாதானம் பேசப் போன ஓர் இளைஞர் கொல்லப்பட்ட பிறகு, பழிவாங்கலுக்கு மாறாக அந்தக் கும்பல்கள் பிராங்க்ஸின் ஹோ அவென்யூவில் கூடிப் போர்நிறுத்தம் பேசின. ஒரு தெருக்காரர் இன்னொரு தெருவுக்குள் அச்சமின்றி நடக்க முடிந்த பிறகுதான், வெவ்வேறு தெருக்காரர்கள் ஒரே கொண்டாட்டத்தில் ஆட முடிந்தது. கும்பல் வன்முறைக்கு நடுவே பிறந்தது என்று நீங்கள் சொன்னதன் மறுபாதி, அந்த வன்முறை ஓய்வதற்கான முயற்சியோடு சேர்ந்து வளர்ந்தது என்பதே.

அந்தக் கொண்டாட்டங்களில் ஒன்றுக்கு நாளும் முகவரியும் உண்டு. 1973 ஆகஸ்ட் 11 அன்று, பிராங்க்ஸின் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொழுதுபோக்கு அறையில், சிண்டி கேம்பல் என்ற பெண் பள்ளி திறப்புக்குப் புது உடை வாங்கப் பணம் சேர்ப்பதற்காக ஒரு விருந்தை ஏற்பாடு செய்தார். அழைப்பிதழ்கள் கையால் எழுதப்பட்டவை. நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டுகளை இயக்கியவர் அவருடைய அண்ணன், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, டீஜே கூல் ஹெர்க் என்று அறியப்பட்டவர். பாடலில் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் கூட்டம் துள்ளி ஆடுகிறது என்பதை அவர் கவனித்திருந்தார். அந்த 'பிரேக்' பகுதியை நீட்டிக்க, ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை இரண்டு சுழல்மேசைகளில் வைத்து, ஒன்றில் அது முடியும் நேரத்தில் மற்றொன்றில் மீண்டும் தொடங்கும் முறையை வளர்த்தெடுத்தார். சில நொடிகள் சில நிமிடங்களாயின. அதில் ஆடியவர்கள் பிரேக் பாய்கள், பிரேக் கேர்ள்கள் ஆனார்கள். கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் என்ற இன்னொரு டீஜே இந்த நுட்பத்தை மேலும் கூர்மையாக்கி, பிரேக் தொடங்கும் இடத்தைத் தட்டின் மேலேயே கிரேயானால் கோடு போட்டு அடையாளம் வைத்தார். என் வகுப்பில் இதைச் செய்துகாட்டும்போது மாணவர்கள் வாயைத் திறந்து பார்க்கிறார்கள். உங்கள் படப்பிடிப்புக் குழுவும் அப்படித்தான் பார்த்தது. ஒளிப்பதிவாளர் தானும் ஒருமுறை முயன்று பார்த்தார். அந்த வியப்பு படத்தொகுப்பு அறைவரை போய்ச் சேரவில்லை.

இனி, தாக்கம் என்ற சொல்லுக்கு வருகிறேன். ஹிப்ஹாப் கேட்பவர்மேல் எந்தத் தாக்கமும் செலுத்துவதில்லை என்று வாதாட நான் வரவில்லை. எனக்கே நேர்ந்த ஒன்றை எப்படி மறுப்பேன்? பதினைந்து வயதில் இசை அலைவரிசையில் நான் பார்த்த ராப் காணொளிகளில் கார்களும் தங்கச் சங்கிலிகளும், முகமே காட்டப்படாமல் உடலாக மட்டும் வந்துபோன பெண்களுமே இருந்தார்கள். ஓராண்டுக்குள் என் நடை மாறியது. தங்கையிடம் பேசும் தோரணை மாறியது. ஹிப்ஹாப் என்றால் இதுதான் என்று நம்பினேன். பிறகு ஒரு நண்பர் கொடுத்த ஒலிநாடாவில், 1982இல் வெளியான, உடைந்த கண்ணாடிகளும் கடனும் எலிகளும் நிறைந்த தெருவை வருணிக்கும் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழுவின் பாடலைக் கேட்டபோதுதான், இதே கலைக்குள் இன்னொரு குரல் தொடக்கம் முதலே இருந்திருக்கிறது என்பது தெரிந்தது. அதை அந்த அலைவரிசை எனக்கு ஒருநாளும் காட்டியதில்லை.

யார் எதைக் காட்டுவது என்பது இயற்கையாக நிகழ்வதில்லை. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை வானொலி நிலையங்களை வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கியது. அதற்கு முன் 40 நிலையங்கள் என்றிருந்த எல்லை போய், சில ஆண்டுகளுக்குள் ஒரே நிறுவனத்தின் கையில் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. ஊருக்கு ஊர் வேறாக இருந்த ஒலிபரப்புப் பட்டியல்கள் ஒன்றுபோல ஆயின. உள்ளூர் ராப்பருக்கு நள்ளிரவில் கிடைத்துவந்த ஒரு மணி நேரமும் சுருங்கியது. எது விற்கும் என்று முன்பே நிரூபிக்கப்பட்டதோ அதுவே திரும்பத் திரும்ப ஒலித்தது. ஆயிரம் பாடல்களிலிருந்து பத்தைப் பொறுக்கி எடுத்து நாள் முழுவதும் ஓட்டுபவர் ஒருவர். அந்தப் பத்தைக் கேட்டுவிட்டு 'இந்த இசையே இப்படித்தான்' என்று விவாதம் நடத்துபவர் இன்னொருவர். சில நிறுவனங்களில் இருவரும் ஒரே மின்தூக்கியில் ஏறி வேலைக்கு வருகிறார்கள் என்பது என் கூடுதல் குறிப்பு.

தாக்கத்தை அளந்து பார்த்தவர்கள் உங்கள் விவாதத்தில் பேசியவர்களைவிட நிதானமானவர்கள். 2006இல் 'பீடியாட்ரிக்ஸ்' ஆய்விதழில் வெளியான ஆய்வொன்று, 1,461 பதின்பருவத்தினரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. பாலியல் உறவை இழிவுபடுத்தும் விதமாகப் பேசும் வரிகளை அதிகம் கேட்டவர்கள் முன்கூட்டியே பாலுறவில் ஈடுபடும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. இழிவின்றிக் காதலையும் காமத்தையும் பேசும் வரிகளுக்கு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. அந்த ஆய்வில் கணக்கெடுக்கப்பட்ட கலைஞர்கள் பல இசை வகைகளைச் சேர்ந்தவர்கள். கவலைப்பட வேண்டியது இழிவைப் பற்றி. இசை வகையின் பெயர்ப்பலகையைப் பற்றி இல்லை. வன்முறையைப் பொறுத்தவரை, கும்பல் வாழ்க்கையைப் பாடும் கேங்ஸ்டா ராப் அமெரிக்காவில் மிகப் பெரிய அளவில் விற்பனையான அதே 1990களில், அந்நாட்டின் கொலை விகிதம் இலட்சம் பேருக்கு 9.8 என்ற 1991ஆம் ஆண்டு அளவிலிருந்து 2000இல் 5.5ஆகக் குறைந்தது. ராப் கொலைகளைக் குறைத்தது என்று இதிலிருந்து யாராவது முடிவுக்கு வந்தால் அவரைப் பார்த்துச் சிரிப்போம். ஆனால் கண்காணிப்பு கேமராப் பதிவு ஒன்றை இரண்டு ராப் வரிகளுக்குப் பக்கத்தில் ஒட்டவைத்து எதிர்த்திசையில் அதே முடிவைச் சொன்னபோது உங்கள் அரங்கில் யாரும் சிரிக்கவில்லை.

இன்னோர் ஆய்வும் உண்டு. இந்த மடலின் காரணத்தோடு மிக நெருங்கியது அதுதான். 2017இல் லாஜிக் என்ற ராப்பர், அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையே தலைப்பாகக் கொண்ட பாடலொன்றை வெளியிட்டார். வாழ விருப்பமில்லை என்று அழைப்பவரின் குரலில் பாடல் தொடங்குகிறது. அழைப்பை எடுத்தவர் மறுமுனையிலிருந்து பேசுகிறார். முடிவில், இப்போது வாழ வேண்டும் என்று தோன்றுகிறது என்கிறார் அழைத்தவர். பாடல் வெளியான நாட்களிலும், இரண்டு பெரிய விருது விழா மேடைகளில் அது பாடப்பட்டதை ஒட்டிய நாட்களிலும் என்ன நேர்ந்தது என்று பார்த்த ஆய்வு 2021 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்விதழில் வந்தது. மொத்தம் 34 நாட்களில் உதவி எண்ணுக்கு வழக்கத்தைவிட 9,915 அழைப்புகள் கூடுதலாக வந்ததாகவும், எதிர்பார்க்கப்பட்டதைவிட 245 தற்கொலைகள் குறைந்ததாகவும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அதே பாடலின் முதல் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, மேலே ஒரு சோக இசையைச் சேர்த்து, 'தற்கொலையைத் தூண்டுகிறதா ராப்?' என்று திரையின் கீழே எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நிமிடம் எண்ணிப்பாருங்கள். என் மாணவனின் பாடலுக்கு நீங்கள் செய்தது அதைத்தான். அதன் மருந்து கடைசி இரண்டு வரிகளில் இருந்தது.

படப்பிடிப்பின்போது நேர்ந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் மிகச் சிறப்பாக எழுதுபவள் ஒரு மாணவி. வேகத்தில் மூச்சுவிடும் இடத்தை அவளைப் போலக் கணித்து வைப்பவர் எங்களிடம் வேறு யாரும் இல்லை. முதன்முதலில் வந்தபோது, 'பொண்ணுங்களும் ராப் பண்ணுவாங்களா?' என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அதுவரை திரையில் அவள் பார்த்தவற்றிலிருந்து பிறந்த கேள்வி அது. அவளிடம் அமெரிக்கப் பெண் ராப்பர் குயின் லட்டீஃபா 1990களின் தொடக்கத்தில் பெண்களைத் தெருவில் சீண்டுபவர்களையும் அடிப்பவர்களையும் எதிர்த்துப் பாடி, 1995இல் கிராமி விருது வாங்கியதைச் சொன்னேன். உங்கள் குழு அவளைப் பாடவைத்துப் பதிவு செய்யவில்லை. மாணவனின் பின்னால் நின்று கைகளை அசைத்து ஆடச் சொன்னது. அவள் மறுத்துவிட்டாள். ஒளிபரப்பில் 'ராப் பாடல்கள் பெண்களைக் காட்சிப்பொருளாக்குகின்றன' என்று விவாதத்தில் ஒருவர் ஆவேசமாகப் பேசியபோது, அவள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டதாகப் பிறகு சொன்னாள்.

அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அதை முதலில் சொன்னவர்கள் ஹிப்ஹாப்பைக் கேட்டு வளர்ந்த பெண்களே. 2004இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரி மாணவிகள், பெண்களை இழிவாகக் காட்டிய ஒரு காணொளி குறித்து அதை வெளியிட்ட ராப்பர் தங்களிடம் நேரில் பேச வேண்டும் என்று கேட்டார்கள். அவர் வரவிருந்த எலும்பு மஜ்ஜைக் கொடை முகாம் அதனால் கைவிடப்பட்டது. எங்கள் வகுப்பிலும், எழுதிய வரியை அவரவர் அம்மாவின்முன் பாட முடியுமா என்று மாணவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். இந்த உள்விமர்சனம் உங்கள் நிகழ்ச்சிகளில் ஒருபோதும் இடம்பெறுவதில்லை. வெளியிலிருந்து கண்டிப்பவருக்கும் கண்மூடி ரசிப்பவருக்கும் நாற்காலி போடுகிறீர்கள். உள்ளேயிருந்து சண்டையிடுபவருக்கு நாற்காலி இல்லை.

கேலிக்கும் இதே கதைதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பிரேக்கிங் எனப்படும் பிரேக் ஆட்டம் இடம்பெற்றது. பெண்கள் பிரிவில் தங்கம் வென்றவர் ஜப்பானின் ஆமி, வெள்ளி லித்துவேனியாவின் நிக்கா. உங்கள் அலைவரிசைகள் பல நாட்கள் ஓட்டியது, ஒரு புள்ளிகூடப் பெறாத ஆஸ்திரேலியப் போட்டியாளரின் அசைவுகளை. எங்கள் மாணவர்களிடம் யாரும் ஆமியைப் பற்றிக் கேட்டதில்லை.

நான் புகழ்ச்சி கேட்கவில்லை. மோசமான பாடலை மோசம் என்று சொல்லுங்கள்; வெறுப்பைப் பரப்பும் கலைஞரைப் பெயர் சொல்லிக் கண்டியுங்கள்; அது உங்கள் கடமை. என் கோரிக்கைகள் வேறு.

ஒரு ராப் பாடலைக் குற்றம் சாட்டும் விதமாகக் காட்டுவதானால், குறைந்தபட்சம் அந்தச் சரணம் முழுவதையும் காட்டுங்கள்; பேசுபவர் பாத்திரமா பாடகரா என்பதை எழுதியவரிடம் கேட்டு, அவர் பதிலையும் ஒளிபரப்புங்கள். பாடலின்மேல் சைரன், துப்பாக்கி ஒலி போன்றவற்றைச் சேர்ப்பதையும், தொடர்பற்ற குற்றக் காட்சிகளைப் பக்கத்தில் வைப்பதையும் நிறுத்துங்கள். கைதான ஒருவர் எப்போதோ இரண்டு பாடல்களைப் பதிவேற்றியிருந்தார் என்பதற்காக 'ராப்பர் கைது' என்று தலைப்பிடாதீர்கள். மாலையில் கிரிக்கெட் ஆடும் ஒருவர் கைதானால் 'கிரிக்கெட் வீரர் கைது' என்று நீங்கள் எழுதுவதில்லை. 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் படம் பிடித்தால், தொகுக்கப்பட்ட பகுதியை ஒளிபரப்புக்கு முன் அவர்களுக்கும் பெற்றோருக்கும் காட்டி, எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் பெறுங்கள். அவர்கள் மறுத்தால் முகத்தையும் குரலையும் நீக்குங்கள். விவாத அரங்கில் எழுதுபவர், ஆடுபவர், இசைத்தட்டு இயக்குபவர் ஆகியோரில் ஒருவராவது இருக்கட்டும். அவர்களுள் பெண்களும் இருக்கட்டும்.

இசை அலைவரிசைப் பொறுப்பாளர்களிடம் கேட்பது இது: உங்கள் ராப் பட்டியலில் ஒரு வாரத்தில் எத்தனை வெவ்வேறு கலைஞர்கள், அவர்களில் எத்தனை பெண்கள் இடம்பெறுகிறார்கள் என்பதை எண்ணி வெளியிடுங்கள். அந்த எண்ணிக்கையை ஆறு மாதங்களில் உயர்த்துவதற்கு ஓர் இலக்கு வையுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரமாவது, இன்னும் விற்று நிரூபிக்காதவர்களுக்குக் கொடுங்கள்.

கடைசிக் கோரிக்கை, இந்த மடலுக்குக் காரணமான தொலைக்காட்சிக்கு. அந்த மாணவனின் பாடல் முழுவதையும், சைரன் இல்லாமல், விவாதம் ஒளிபரப்பான அதே நேரத்தில் ஒளிபரப்புங்கள். என்ன வெட்டப்பட்டது என்பதை உங்கள் தொகுப்பாளர் ஒரு வாக்கியத்தில் சொல்லட்டும். அவன் படிக்கும் பள்ளிக்கும் அதை எழுத்தில் தெரிவியுங்கள். மூன்று நாள் பதிவில் பாடல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. மூன்றாம் நாள் பிற்பகல், மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு உங்கள் ஒலிப்பதிவாளர் மைக்கைச் சரிசெய்ததற்கு அடுத்த ஒன்றரை நிமிடம் அது.

இப்படிக்கு,
ராப் வகுப்பு நடத்தும் ஓர் ஆசிரியர்